ஒரு ஸ்டுவர்ட் டாங்கிய வச்சு பராமரிக்கிறது பத்தி, வாங்க ஆசைப்படுறவங்களுக்கு

டாங்கி வச்சிருக்கேன்னு யாருகிட்ட சொன்னாலும் முதல் கேள்வி "சுடுமா?" தான். சுடாது. என்னோட எம்3ஏ1 ஸ்டுவர்ட், அதாவது இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்கா செஞ்ச லைட் டாங்கி, அதுல இருக்குற 37 மில்லிமீட்டர் பீரங்கி அசல் தான், ஆனா முறைப்படி செயலிழக்க வச்சு அதுக்கான சான்றிதழோட தான் என் கைக்கு வந்துச்சு. இதுல சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவுல குழலோட உள்விட்டம் அரை இன்ச்சுக்கு மேல போனாலே பெரும்பாலும் 1934, 1968 சட்டங்கள் படி 'டிஸ்ட்ரக்டிவ் டிவைஸ்', அதாவது பேரழிவு ஆயுதம்ங்கிற கணக்குல வந்துடும், பதிவு இல்லாம வச்சிருந்தா பெரிய கேஸ் ஆயிடும். இங்கிலாந்துல செயலிழக்க வச்ச ஆயுதம்னா துப்பாக்கிகள சோதிச்சு முத்திரை போடுற ப்ரூஃப் ஹவுஸோட சான்றிதழ் கேப்பாங்க. அதனால ஒரு டாங்கிய பாக்க போறீங்கன்னா பெயிண்ட்ட பாக்குறதுக்கு முன்னாடி பீரங்கியோட பேப்பர கேளுங்க. பேப்பர் இல்லாத பீரங்கி உள்ள உக்காந்திருந்தா வண்டி எவ்ளோ அழகா இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

அடுத்து ஏன் லைட் டாங்கி. எல்லாருக்கும் கண்ணு அதே போர்ல வந்த பெரிய அமெரிக்க டாங்கி ஷெர்மன் மேல தான் போகும், ஆனா அது 30 டன்னுக்கு மேல. ஸ்டுவர்ட் கிட்டத்தட்ட 13 டன், நீளம் நாலரை மீட்டர், அகலம் 2.24 மீட்டர். இந்த வித்தியாசம் தான் வச்சிருக்க முடியுமா முடியாதாங்கிறத முடிவு பண்ணுது, ஏன்னா ஷெட்டுக்கு போடுற தரை, தூக்குற ஜாக்கி, ஏத்திட்டு போற ட்ரெய்லர், வழியில வர்ற பாலம், எல்லாமே எடைய வச்சு தான். 13 டன்னுன்னா ரோடு வேலைக்கு மெஷின் ஏத்துற ட்ரெய்லர்காரங்களே ஏத்திடுவாங்க.

ஆனா நான் இத தேடி வாங்கினதுக்கு காரணம் எடை மட்டும் இல்ல. ஸ்டுவர்ட்ல எம்3, எம்5 ரெண்டு குடும்பமும் சேர்த்து 22,000-க்கு மேல செஞ்சாங்க, அது உலகம் முழுக்க போச்சு. 1941 நவம்பர்ல வட ஆப்பிரிக்கா பாலைவனத்துல பிரிட்டிஷ்காரங்க கையில ஓடுச்சு, அவங்க செல்லமா 'ஹனி'ன்னு கூப்பிட்டாங்க. 1942-ல பர்மாவுல இருந்து பின்வாங்கும்போது சிந்த்வின் ஆத்தங்கரையில டாங்கிகள எல்லாம் அவங்களே அழிச்சுட்டு தான் வந்தாங்க, ஒரே ஒரு ஸ்டுவர்ட் மட்டும் ஆத்த தாண்டுச்சு. 'கர்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்து'ன்னு பேரு. அதே வண்டி டரட்ட, அதாவது பீரங்கியோட சுத்துற மேல் கூண்ட கழட்டி, கமாண்ட் வண்டியா மாறி, இந்திய டாங்கிப் படைப்பிரிவான 7-வது கேவல்ரியோட திரும்ப பர்மாவுக்குள்ள போச்சு. அப்புறம் 1948 நவம்பர் 1, காஷ்மீர் போர்ல ஸோஜி லா கணவாய், 11,500 அடி உயரம், அங்க டாங்கி வரும்னு எதிர்ல இருந்த பாகிஸ்தான் தரப்பு நினைக்கவே இல்ல. அதே 7-வது கேவல்ரி தான், ஸ்டுவர்ட்கள் தான், அந்த ஜீப் தடத்த டாங்கி ஏறுற அளவுக்கு வெட்டி கொடுத்தது ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ். இத நம்ம ஆளுங்க பாதி பேருக்கு மேல கேள்விப்பட்டதே இல்லங்கிறது எனக்கு இன்னிக்கும் ஆதங்கம், அதனால வண்டிய பாக்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் இத சொல்லிட்டு தான் மத்தத சொல்லுவேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். டாங்கி வச்சிருக்கிறதுல ஓட்டுறது ரொம்ப சின்ன பங்கு. அரை மணி நேரம் ஓட்டணும்னா அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சேர்த்து ஒரு நாள் போயிடும், அந்த ஒரு நாள் வேலை உங்களுக்கு பிடிச்சா மட்டும் தான் இது உங்களுக்கான பொருள். ஸ்டார்ட் பண்றத முதல்ல விவரமா சொல்றேன், அத வச்சே மத்தது எவ்ளோ வேலைன்னு கணக்கு போட்டுக்கலாம்.

எம்3ஏ1 பெரும்பாலானதுல இருக்குறது கான்டினென்டல் டபிள்யூ-670, ஏழு சிலிண்டர் ரேடியல், காத்துல குளிர்ற இன்ஜின், கிட்டத்தட்ட 11 லிட்டர், 250 குதிரை சக்தி. அடிப்படையில இது விமான இன்ஜின், போயிங் ஸ்டியர்மன்னு ரெட்டை இறக்கை பயிற்சி விமானத்துல இருந்த இன்ஜினோட சொந்தக்காரன். இது நமக்கு ஒரு பெரிய கொடுப்பினை, ஏன்னா அந்த விமானங்கள் இன்னும் பறக்குது, அதனால இன்ஜின் பாகங்களும் கிடைக்குது, அத கழட்டி மாட்டத் தெரிஞ்ச மெக்கானிக்கும் இருக்காங்க. கார் மெக்கானிக் எவ்ளோ கெட்டிக்காரரா இருந்தாலும் ரேடியல் வேற உலகம், முதல்ல ஒரு விமான இன்ஜின் ஆள பிடிச்சு வைங்க, அப்புறம் டாங்கி வாங்குங்க.

ரேடியல்ல சிலிண்டர்கள் வட்டமா நிக்குது. அப்போ சிலது தலைகீழா கீழ பாத்து தொங்கும், ஏழு சிலிண்டர்ல 4-ம் 5-ம் தான் அடியில. வண்டி சும்மா நிக்கும்போது எண்ணெய் மெதுவா பிஸ்டன் ரிங்க தாண்டி அந்த சிலிண்டருக்குள்ள இறங்கி தேங்கிடும். எண்ணெய அமுக்க முடியாது. அந்த நிலைமையில நேரா ஸ்டார்ட்டர தட்டினீங்கன்னா பிஸ்டன் மேல வரும்போது எண்ணெயில முட்டி கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். இதுல கொடுமை என்னன்னா அன்னிக்கே உடையாது, இன்ஜின் ஓடும், நல்லா தான் ஓடுற மாதிரி இருக்கும், பல மணி நேரம் கழிச்சு என்னிக்கோ ஒரு நாள் ராடு உடைஞ்சு இன்ஜினோட நடுக்கூடான கிராங்க்கேஸ பொத்துக்கிட்டு வெளிய வரும்.

அதனால ப்ளக்குக்கு தீப்பொறி கொடுக்குற மேக்னெட்டோவோட ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கான்னு பாத்துட்டு, பின்பக்கம் கை கிராங்க்க சொருகி, இன்ஜின கையாலயே முழு சுத்து பல தடவ சுத்தணும். எனக்கு உதவிக்கு வர்ற தம்பி தான் இத பண்ணுவாரு, அவருக்கு இப்போ கை பழகிடுச்சு. ஒவ்வொரு சிலிண்டரும் அமுக்கத்துக்கு வரும்போது கொஞ்சம் கனக்கும், அப்புறம் விடும், கனக்கும், விடும், அந்த தாளம் ஒரே மாதிரி போகணும். ஒரு தடவ மழைக்காலம் முடிஞ்சு வெளிய எடுக்கும்போது பாதியில நிறுத்திட்டு, "அண்ணே, இங்க நிக்குது, கல்லு மாதிரி நிக்குது"ன்னாரு. "அழுத்தாதப்பா, கைய எடு"ன்னு சொல்லிட்டு பின்பக்க கதவ திறந்து அடி சிலிண்டர் ப்ளக்குகள கழட்டினோம். ஒரு சிலிண்டருக்கு ரெண்டு ப்ளக், மொத்தம் 14, அதுல கீழ இருக்குறத கழட்ட கைய வளைச்சு மடக்கி உள்ள விடணும். ப்ளக் கடைசி மரைய விட்டு வெளிய வந்ததும் கருப்பா எண்ணெய் நூல் பிடிச்ச மாதிரி இறங்குச்சு, கீழ வச்ச தட்டுல சொட்டு சத்தம் நிக்குற வரைக்கும் ரெண்டு பேரும் பேசாம பாத்துட்டு இருந்தோம். அப்புறம் கிராங்க்க திரும்ப சுத்தினா சும்மா போச்சு. ப்ளக்க துடைச்சு மாட்டி, பத்து நிமிஷத்துல ஸ்டார்ட் ஆச்சு.

இதுல முக்கியமான ஒண்ணு, நிக்குதுன்னு பின்னாடி திருப்பி சுத்தக் கூடாது. பின்னாடி சுத்தினா எண்ணெய் திறந்திருக்குற வால்வு வழியா இன்டேக் பைப்புக்குள்ள போய் உக்காந்துக்கும், தடை போயிடுச்சுன்னு நினைச்சு நீங்க ஸ்டார்ட் பண்ணுவீங்க, அது திரும்ப உள்ள இழுபட்டு அதே வேலைய காட்டும். ப்ளக்க கழட்டி வடிய விடுறது மட்டும் தான் சரியான வழி.

ஸ்டார்ட் ஆனதும் வெள்ளையும் நீலமுமா ஒரு புகை மண்டலம் வரும், பயப்படாதீங்க, அடியில தேங்கின எண்ணெய் எரியுது. பாக்க வேண்டியது எண்ணெய் பிரஷர் மீட்டர மட்டும் தான், முள்ளு உடனே எழும்பலன்னா நிறுத்திடுங்க. ரொம்ப தாழ்வான ஐடில்ல ஓட விட்டா ப்ளக் எண்ணெய் பிடிச்சு ஒவ்வொரு சிலிண்டரா சாகும், கொஞ்சம் உசத்தியே வைங்க. ஓட்டி முடிச்சதும் சட்டுன்னு ஆஃப் பண்ணாம சில நிமிஷம் ஐடில்ல விட்டு சூடு சமமா இறங்கின பிறகு நிறுத்துங்க.

பெட்ரோல் பத்தி. டேங்க் கிட்டத்தட்ட 200 லிட்டர், அதுக்கு ரோட்டுல போறது 110 கிலோமீட்டர் சொச்சம், அதாவது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 லிட்டர். செலவ விட எனக்கு கவலை எத்தனால் தான். இப்போ வர்ற பெட்ரோல்ல கலக்குற எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ ஊற வச்சு மெத்துன்னு ஆக்கிடும், தண்ணிய இழுத்து வச்சுக்கும், பெட்ரோல் டேங்க் உள்ள யாராவது பழைய சீலன்ட் பூசியிருந்தா அத உரிச்சு கார்புரேட்டருக்கு அனுப்பிடும். வாங்கின உடனே ஹோஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்குறதா மாத்திடுங்க, பாக்க நல்லா இருக்கேன்னு விடாதீங்க. இன்ஜின் அறைக்குள்ள ஒரு சொட்டு ஒழுகினாலும் அது ஆவியாகி உள்ளயே நிக்கும், அதனால ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கதவுகள திறந்து வச்சு காத்தாட விடணும், ஒரு ஆளு தீயணைப்பானோட பின்னாடி நிக்கணும். வண்டிக்குள்ளயே தீயணைக்க கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் இருக்கும், அது பீச்சினா உள்ள இருக்குற ஆளுக்கும் மூச்சு முட்டும், அதோட கைப்பிடிய இழுத்துட்டு வெளிய குதிக்கணும்னு எல்லாருக்கும் சொல்லி வைங்க.

ஓட்டுறது நான் நினைச்சத விட எளிதா வந்துச்சு. க்ளட்ச் இருக்கு, அஞ்சு கியர் முன்னாடி, ஒண்ணு ரிவர்ஸ், ஸ்டியரிங் வீலுக்கு பதிலா ரெண்டு லீவர். இடது லீவர இழுத்தா இடது ட்ராக் மெதுவாகும், வண்டி இடது பக்கம் திரும்பும், ரெண்டையும் இழுத்தா நிக்கும். கால் பிரேக் கிடையாது. இருக்குற இடத்துலயே சுத்துறதெல்லாம் இதுல முடியாது, திரும்ப நல்ல இடம் வேணும். இன்ஜின் பின்னாடி, கியர்பாக்ஸ் முன்னாடி, நடுவுல ட்ரைவ் ஷாஃப்ட் ஆளுங்க நிக்குற இடத்துக்குள்ளயே ஓடுது, ரேடியல் இன்ஜினோட மையம் உசரமா இருக்கிறதால அந்த ஷாஃப்டும் முழங்கால் பக்கம் வந்துடும். மேல மூடி இருக்கான்னு பாக்காம யாரையும் உள்ள ஏத்தாதீங்க, தொங்குற துணி, கழுத்துல கயிறு, மோதிரம் எதுவும் வேண்டாம். ஆளு ஏறி இறங்குற ஹேட்ச் மூடிய திறந்தா அதோட கொக்கி விழுந்து பூட்டிக்கிச்சான்னு கையால ஆட்டி பாத்துட்டு தான் தலைய வெளிய நீட்டணும். அந்த இரும்பு விழுந்தா விரலெல்லாம் கணக்கே இல்ல.

ட்ரைவருக்கு தெரியுறது முன்னாடி ஒரு துண்டு உலகம் மட்டும். அதனால நகரும்போதெல்லாம் வெளிய ஒரு ஆளு வழி காட்டணும், ஒரே ஒரு ஆளு. ரெண்டு பேரு கை காட்டினா ரெண்டு பேரும் எதிரெதிரா காட்டுவாங்க. என் வண்டியில ஒரு சட்டம் இருக்கு, வழி காட்டுற ஆளு என் கண்ணுல இருந்து மறைஞ்ச அந்த நொடியே வண்டி நிக்கும், காரணம் கேக்க மாட்டேன். அந்த ஆளும் டாங்கிக்கும் சுவருக்கும் நடுவுல, டாங்கிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல எப்பவும் நிக்க மாட்டாரு. கண்காட்சிக்கு போனா சின்னப் பசங்க ட்ராக் மேல கால வச்சு ஏற வருவாங்க, அன்பா தான் சொல்லணும், ஆனா இன்ஜின் ஓடும்போது யாரும் பக்கத்துல இல்லாம கயிறு கட்டிடுங்க. சில நாடுகள்ல ரோட்டுல எடுக்க தனி லைசென்ஸும் வேணும், இங்கிலாந்துல ட்ராக் வண்டிக்கு 'எச்' வகை.

இப்போ ட்ராக். ஒரு ஸ்டுவர்ட்டோட விலைய உண்மையிலயே முடிவு பண்றது இன்ஜினுக்கு அடுத்து இது தான். ரப்பர் கட்டைகள எண்ட் கனெக்டரால கோத்தது, ஒவ்வொரு கனெக்டரையும் ஒரு ஆப்பும் நட்டும் இறுக்கி பிடிச்சிருக்கும். ரப்பர் 80 வருஷத்துல உள்ள இருக்குற இரும்ப விட்டு பிரிஞ்சிருக்கும், மேல கருப்பு பெயிண்ட் அடிச்சா தெரியாது. ஒரு கட்டைக்கும் இரும்புக்கும் நடுவுல ஸ்க்ரூட்ரைவர் நுனி போகுதான்னு பாருங்க. ரோடு வீல் டயர்லயும் அதே கதை, துண்டு துண்டா உரியும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னாடி நான் சின்ன சுத்தியல எடுத்துக்கிட்டு ஒவ்வொரு கனெக்டரையும் தட்டிக்கிட்டே வண்டிய சுத்தி வருவேன், இறுக்கமா இருக்குறது கணீர்னு பேசும், தளந்தது மொத்துன்னு பேசும், காது பழகிட்டா ஸ்பானர் எங்க வைக்கணும்னு உடனே தெரியும். புது ட்ராக் மாட்டினா முதல் சில கிலோமீட்டருக்குள்ளயே எல்லாத்தையும் திரும்ப ஒரு தடவ இறுக்கணும். ஈரப் புல்லுல, சரிவுல, ரப்பர் ட்ராக் பக்கவாட்டுல வழுக்கும், சரிவுக்கு குறுக்கா போகாதீங்க, நேரா ஏறி நேரா இறங்குங்க.

ட்ரெய்லர்ல ஏத்துறப்போ சாய்வுப் பலகை மேல ஏறின பிறகு லீவர இழுத்து திருப்பவே கூடாது. கோணலா இருந்தா பின்னாடி இறங்கி, தரையில நேராக்கி, திரும்ப ஏறுங்க, எத்தனை பேரு வேடிக்கை பாத்தாலும் பரவாயில்ல. சங்கிலிய குறுக்கா கட்டி, டரட்டும் பீரங்கியும் பூட்டியாச்சான்னு பாத்து, கொஞ்ச தூரம் போனதும் ஒரு தடவ நிறுத்தி சங்கிலிய தொட்டுப் பாருங்க, தளந்திருக்கும்.

இனி யாரும் பெருசா பேசாத ஒரு விஷயம், பழைய டாங்கில இருக்குற விஷம். பிரேக், க்ளட்ச் லைனிங், கேஸ்கெட், எக்ஸாஸ்ட்ட சுத்தி இருக்குற உறை, இதுல எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காத்தடிச்சு சுத்தம் பண்ணாதீங்க. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும். மீட்டர்கள் இன்னொரு சங்கதி, இருட்டுல தெரியணும்னு முள்ளுலயும் எண்ணுலயும் ரேடியம் கலந்த பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. இப்போ அது ஒளிராது, அதனால செத்துடுச்சுன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. செத்தது ரேடியத்தோட கலந்திருந்த ஒளிர்ற பொருள் தான், ரேடியத்தோட அரை ஆயுள் 1,600 வருஷம், அது அப்படியே தான் இருக்கு. கண்ணாடி உடையாம இருக்குற வரைக்கும் பெரிய ஆபத்து இல்ல, ஆனா மீட்டர திறந்து சுரண்டி புதுசு பண்றேன்னு உக்காராதீங்க, உதிரி மீட்டர பெட்டியில போட்டு படுக்குற அறையில வைக்காதீங்க. அசல் மீட்டர் மேல எனக்கும் கொள்ளை ஆசை, ஆனா அந்த வேலைய அதுக்குன்னு இருக்குறவங்ககிட்ட விட்டுட்டேன்.

தரைத் தகட்டுக்கு அடியில, பெட்டிகளுக்கு பின்னாடி ஏதாவது தோட்டா, குண்டு மாதிரி கண்ணுல பட்டா தொடாம வெளிய வந்து வெடிகுண்டு நிபுணர்கள கூப்பிடுங்க. எல்லா பழைய டாங்கியிலயும் யாரோ எதையோ விட்டுட்டு தான் போயிருக்காங்க, 2017-ல இங்கிலாந்துல ஒரு சேகரிப்பாளர் வாங்கின போருக்கு பிந்தின டாங்கியோட டீசல் டேங்குல தங்கக் கட்டிகளே இருந்துச்சு.

"முழுசா ரெஸ்டோர் பண்ணது"ன்னு விளம்பரம் பாத்தா உடனே நம்பிடாதீங்க. ரெஸ்டோர்ங்கிறதுக்கு ஒவ்வொருத்தர் ஒவ்வொரு அளவு வச்சிருக்காங்க, சிலருக்கு அது பச்சை பெயிண்ட்டும் வெள்ளை நட்சத்திரமும் மட்டும் தான். போறதுக்கு முன்னாடி போன்லயே சொல்லிடுங்க, நான் வர்ற வரைக்கும் இன்ஜின சூடு பண்ணாதீங்கன்னு. போனதும் சிலிண்டர தொட்டுப் பாருங்க, வெதுவெதுப்பா இருந்தா ஏன்னு கேளுங்க. எண்ணெய் ஃபில்டர்ல உலோகத் துகள் மின்னுதான்னு பாருங்க. எம்3ஏ1 உடம்பு ரிவெட் அடிச்சது, ரெண்டு தகட்டுக்கு நடுவுல தண்ணி போய் துரு பிடிச்சா தகடே பிதுங்கும், அதனால விளிம்ப கையால தடவிக்கிட்டே போங்க. அடியில படுத்து வடிகால் மூடிகள பாருங்க. டரட்ட கையால ஒரு முழு சுத்து சுத்த சொல்லுங்க, ஒரே இடத்துல இறுகினா வளையத்துல கோளாறு.

அந்த வண்டி எங்கெங்க இருந்துச்சுன்னும் கேளுங்க, போருக்கு அப்புறம் நடந்தது தான் அதோட உடம்புல இருக்கும். ஆஸ்திரேலியாவுல விவசாயிங்க டரட்ட கழட்டிட்டு நிலம் திருத்த ஓட்டினாங்க. பிரேசில்ல 1970கள்ல டீசல் இன்ஜின் வச்சு எக்ஸ்1ன்னு மாத்திக் கட்டினாங்க. பராகுவே இந்த நூற்றாண்டு வரைக்கும் கூட வச்சிருந்துச்சு. அதனால ஒரு வண்டியோட உடம்பும் இன்னொரு வண்டியோட டரட்டும் சேந்து வர்றது சகஜம். அத நான் குறையா நினைக்கல, ஆனா விக்கிறவர் அத வாய் திறந்து சொல்லணும். உடம்புல அடிச்ச ஹல் நம்பர், விவரத் தகடான டேட்டா ப்ளேட், பழைய போட்டோ எல்லாம் கேட்டு வாங்குங்க. அமெரிக்க ராணுவம் அப்போ அச்சடிச்ச மேனுவல்கள் இன்னிக்கும் மறுபதிப்பா கிடைக்குது, எந்த இடத்துல எந்த கிரீஸ் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவன்னு படம் போட்டு சொல்லிருக்கும், என் ஷெட்டுல அது சுவர்லயே தொங்குது.

நிறைய பேரு கேக்குறது எம்3-யா எம்5-வான்னு. 1942-ல ரேடியல் இன்ஜின் விமானத்துக்கே பத்தலங்கிறதால எம்5-ல ரெண்டு கேடிலாக் வி8 இன்ஜினும் ரெண்டு ஹைட்ராமேட்டிக் ஆட்டோமேட்டிக் கியரும் வச்சாங்க. ஓட்ட சுகம், சத்தம் கம்மி, கை கிராங்க் தொல்லை இல்ல, உள்ள இடமும் கூட. தனி ஆளா, விமான மெக்கானிக் யாரும் பக்கத்துல இல்லாம இருக்கீங்கன்னா எம்5ஏ1 எடுங்க, கார் இன்ஜின் தெரிஞ்ச யாரும் கை வைக்கலாம். ஆனா எல்லாமே ரெண்டு ரெண்டு, ரேடியேட்டர்ல தண்ணி வேற, ரெண்டு இன்ஜினும் ஒண்ணா ஒத்துப் போற மாதிரி லிங்கேஜ அடிக்கடி சரி பண்ணணும், இல்லன்னா ஒண்ணு இழுக்க ஒண்ணு சும்மா வரும். வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டையும் தனித்தனியா ஓட விட்டு வெப்ப மீட்டர பாருங்க.